நடுத்தண்ணீரில் நின்றுபோகும் எஞ்சின்: பெற்றோல் வரும் வழியை நீங்களே தேடிப் பார்ப்பது எப்படி

நானும் மச்சானும் சேர்ந்து பாவித்த 14 அடி பைபர் போட் ஒன்றையும், 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றையும் வாங்கினோம். கொழும்பு மட்டக்குளியில் களனி ஆற்றங்கரையில் கட்டி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடப் போவதுதான் திட்டம். இரண்டாவது மாதமே தொல்லை தொடங்கியது. கரையோரமாக மெல்லப் போகும்போது ஒரு குறையும் இல்லை. கைப்பிடியை முழுக்க முறுக்கினால் ஒன்றரை நிமிடம் பறக்கும். பிறகு இருமும், திணறும், நின்றுவிடும். ஐந்து நிமிடம் கழித்துக் கயிறு இழுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி பற்றும்.

இரண்டு கராஜ், மூன்று மாதம், 31,000 ரூபா. பெற்றோலைக் காற்றோடு கலந்து விடும் காபரேட்டரை இரண்டு தரம் கழற்றிக் கழுவினார்கள். பிளக் மூன்று தரம் மாறியது. கடைசியில் பழுது இருந்த இடம் எஞ்சினே இல்லை. டேங்கில் இருந்து வரும் ஹோஸ். புதிய ஹோஸுக்கு நான் கொடுத்தது 4,500 ரூபா.

கராஜில் ஏன் பிடிபடவில்லை என்பதைச் சொன்னால்தான் கீழே உள்ள ஒழுங்கு விளங்கும். ஒவ்வொரு முறையும் நான் எஞ்சினை மட்டும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போனேன். டேங்கும் ஹோஸும் வீட்டில் கிடந்தன. கராஜில் தங்களுடைய டேங்கை மாட்டி, தண்ணீர் ட்ரம்மில் இறக்கி ஓட்டிக் காட்டினார்கள். ஓடாமல் என்ன செய்யும்? முகத்துவாரத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் புலம்பியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, டேங்கையும் ஹோஸையும் கொண்டு போனீங்களா?"

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே திசையில்தான் போகும். பெற்றோல் எந்த வழியாக எஞ்சினுக்குப் போகிறதோ அதே வழியாக, டேங்கின் மூடியில் இருந்து தொடங்கி. காபரேட்டர் கடைசி.

1. முதலில் இது பெற்றோல் பிரச்சினைதானா?

பத்து நிமிட வேலை. கையில் மாட்டும் சிவப்புக் கயிறு, அதாவது எஞ்சினை நிறுத்தும் கிளிப், சரியாகச் செருகியிருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், நான் ஒரு காலை முழுக்க இதற்காகக் கயிறு இழுத்திருக்கிறேன்.

பிறகு சோக்கை, அதாவது காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் குமிழை, இழுத்து எட்டுப் பத்துத் தரம் கயிறு இழுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காய்ந்து கிடந்தால் பெற்றோல் சிலிண்டருக்கு வரவில்லை, தொடர்ந்து படியுங்கள். ஈரமாக இருந்து பெற்றோல் மணம் அடித்தால் பெற்றோல் வந்துவிட்டது, பொறிதான் இல்லை, அல்லது அளவுக்கு மிஞ்சி வந்து மூழ்கிவிட்டது. அது வேறு கதை. பொறியைச் சோதிப்பதென்றால் பிளக்கின் உலோக உடம்பை எஞ்சினின் வெறும் இரும்பில் நன்றாக முட்டவைத்துக்கொண்டு, பெற்றோல் டேங்கைத் தூரத்தில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். இந்தச் சோதனையில் தீப்பிடித்த கதைகள் நிறைய உண்டு.

ஓடிக்கொண்டிருந்து திணறும் எஞ்சின் என்றால் இன்னொரு சோதனை இருக்கிறது. திணறத் தொடங்கும்போது சோக்கைப் பாதி இழுங்கள். ஒரு கணம் உயிர் வந்தால் எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை. இன்னும் மோசமாகி நின்றால் பெற்றோல் கூடிப்போய்விட்டது. இந்த ஒரு அறிகுறியைக் குறித்து வைத்தாலே மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் எஞ்சினுக்கு ஓயில் பெற்றோலோடு கலந்துதான் போகிறது. பெற்றோல் குறைந்தால் ஓயிலும் குறையும். திணறத் திணற முறுக்கிக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிவிடலாம். அந்தச் செலவுக்கு முன்னால் எனது 31,000 ஒன்றுமே இல்லை. வேகத்தைக் குறைத்து மெல்ல வாருங்கள், அல்லது துடுப்பைப் போடுங்கள்.

2. கடதாசியும் சாமானும்

எஞ்சினைப் போட்டில் மாட்டும் கிளாம்ப் பக்கத்தில் சின்னத் தகடு ஒன்று அல்லது ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அதில் மொடல் குறியீடும் தொடர் இலக்கமும் இருக்கும். துடைத்துவிட்டுப் போனில் படம் எடுத்து வையுங்கள். "பதினைந்து குதிரைவலு" என்று மட்டும் சொல்லிக் கடையில் பெற்றோல் பம்பின் டயஃப்ரம் வாங்கினால் பாதி நேரம் பொருந்தாது. அதே பெயரில் வந்த எஞ்சின்களுக்குள்ளேயே ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறும்.

பாவித்த எஞ்சின் வாங்கியிருந்தால், விற்றவரின் கையொப்பத்தோடு இலக்கம் எழுதிய விற்பனைக் கடதாசி உங்களிடம் இருக்கட்டும். எங்களிடம் இருக்கவில்லை, பிறகு அலைந்து வாங்கினோம். எஞ்சினை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகும்போது அதன் பிரதியைக் கூடவே வைத்திருங்கள். சந்தியில் நிறுத்தி "இது யாருடைய எஞ்சின்?" என்று கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும். மீன்பிடிப் படகென்றால் கடற்றொழில் திணைக்களப் பதிவுப் பத்திரத்தின் பிரதியும். புது எஞ்சின், உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் இந்தக் கட்டுரையில் 5ஆம் படியோடு நின்றுவிடுங்கள். அதற்கு மேல் நீங்களே திறந்தால் உத்தரவாதம் போய்விடலாம்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். நல்ல ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, குறடு, பிளக் ஸ்பேனர், இரண்டு லீற்றர் வெள்ளைப் போத்தல் ஒன்று, பழைய துணி, கையுறை, ஒரு அடி நீளத்துக்குப் பெற்றோல் தாங்கும் தெளிவான ஹோஸ் துண்டு. எல்லாவற்றையும் வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது. போட்டின் அடியில் போய்த் தங்கும், கண்ணுக்குத் தெரியாது. டேங்கைப் போட்டுக்குள் வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கி வைத்து நிரப்பச் சொல்வதும் இதனால்தான். சிகரெட்காரர்கள் நூறடி தள்ளி நிற்கட்டும், மச்சானாக இருந்தாலும்.

3. டேங்க்

12 லீற்றர், 24 லீற்றர் சிவப்பு டேங்க்தான் பெரும்பாலும். மூடியில் காற்று விடும் சின்னத் திருகு இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது திறந்திருக்க வேண்டும்; ஏற்றி இறக்கும்போதும் வைத்திருக்கும்போதும் மூடியிருக்க வேண்டும். இதை மறந்தால் பெற்றோல் வெளியே போகப் போக டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் சொட்டுக்கூட வராது. டேங்க் உள்ளே ஒட்டிப்போயிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். எஞ்சின் நின்றதும் மூடியை மெல்லத் திறவுங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போனால் பழுதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், செலவு பூச்சியம். திருகு திறந்திருந்தும் உப்பும் தூசியும் அடைத்திருக்கலாம், அதையும் ஊதிப் பாருங்கள். இரண்டு, மூன்று குதிரைவலுச் சின்ன எஞ்சின்களில் டேங்க் எஞ்சினின் மேலேயே இருக்கும். அவற்றுக்கும் மூடியில் இதே திருகு உண்டு. கூடவே பெற்றோல் பூட்டு ஒன்றும் உண்டு, அது திறந்திருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது பெற்றோலின் தரம். டேங்கை ஒரு பக்கம் சரித்து, அடியில் இருந்து ஒரு போத்தல் எடுங்கள். வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். நம் ஊரில் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள், நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். போத்தலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். டூ ஸ்ட்ரோக் ஓயிலில் நிறம் கலந்திருப்பதால் பெற்றோல் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும். அடியில் நிறமில்லாமல் உருண்டு உருண்டு நிற்பது தண்ணீர். கொழும்பு ஈரத்தில் பாதி நிரம்பிய டேங்கின் உட்சுவரில் இரவில் பனிக்கிற தண்ணீரே காலப்போக்கில் போதும். மழையில் மூடி தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மணத்துப் பாருங்கள். பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரிப் புளித்த மணம் அடிக்கும், நிறமும் கறுக்கும். 2022இல் வரிசையில் நின்று கியூஆர் காட்டி வாங்கிய பெற்றோலை "இருக்கட்டும்" என்று கேனில் பதுக்கி வைத்த பழக்கம் பலருக்கு இன்னும் போகவில்லை. எங்களுக்குப் போட் விற்றவரும் டேங்கோடு அப்படி ஒரு கேன் சும்மா தந்தார். சும்மா தந்ததை வாங்கியிருக்கக் கூடாது. ஒரு மாதத்துக்குள் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் அடியுங்கள்.

கலவையையும் இங்கேயே சரிபாருங்கள். உங்கள் எஞ்சின் புத்தகத்தில் 50:1 என்றிருந்தால் 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர், 24 லீற்றருக்கு 480. கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். மோட்டார் சைக்கிளுக்கும் த்ரீவீலுக்கும் விற்கும் ஓயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. போட் எஞ்சினுக்குப் போத்தலில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். விலை கூடத்தான்.

4. ஹோஸ், பல்ப், கொனெக்டர்

நான் மூன்று மாதம் கவனிக்காமல் விட்ட இடம் இதுதான், கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

ஹோஸின் நடுவில் கையால் அமுக்குகிற ரப்பர் உருண்டையைப் பல்ப் என்பார்கள். அதில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஒரு சொட்டும் போகாது. அமுக்கும்போது அம்பு மேல்நோக்கி இருக்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள், உள்ளே இருக்கும் இரண்டு வால்வும் அப்போதுதான் ஒழுங்காக மூடும். பத்துப் பதினைந்து அமுக்கில் பல்ப் கல்லாக வேண்டும். அதற்கு மேல் அமுக்காதீர்கள்.

இனி அந்தப் பல்ப் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

எத்தனை தரம் அமுக்கினாலும் தொளதொளவென்றே இருந்தால்: டேங்கில் பெற்றோல் இல்லை, அல்லது டேங்குக்கும் பல்புக்கும் இடையில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. காபரேட்டரில் பெற்றோல் வழிந்துகொண்டிருந்தால் அதன் உள்ளே இருக்கும் மிதவையின் ஊசி அடைக்கவில்லை என்று அர்த்தம்.

அமுக்கியதும் கல்லாகி, ஓடத் தொடங்கியபின் தட்டையாக உறிஞ்சப்பட்டுக் கிடந்தால்: அடைப்பு பல்புக்கு முன்னால், டேங்க் பக்கம். மூடித் திருகு, டேங்குக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருக்கும் வலை, அல்லது ஹோஸ்.

பல்ப் கல்லாகவே இருந்து எஞ்சின் மட்டும் பட்டினி கிடந்தால்: அடைப்பு பல்புக்குப் பின்னால். கொனெக்டர், ஃபில்டர், காபரேட்டர் ஊசி, அல்லது காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடும் ஜெட் என்ற சின்னத் துளை.

எஞ்சின் சாகப்போகும்போது கூட வந்தவர் பல்பை விட்டு விட்டு அமுக்கிக்கொண்டிருக்க, எஞ்சின் தொடர்ந்து ஓடினால்: எஞ்சினின் பெற்றோல் பம்ப் களைத்துவிட்டது, அல்லது பம்ப் இழுக்கும் பக்கம் காற்று வருகிறது.

எங்களுடையது இரண்டாவது ரகம். அந்த ஐயா போட்டில் ஏறி, மச்சானை முழுக்க முறுக்கச் சொல்லிவிட்டுப் பலகைக்கு அடியில் குனிந்து பல்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கடந்தது. பல்ப் சூப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிப்போனது. எஞ்சின் இருமியது. "பார்த்தீங்களா" என்றார், அவ்வளவுதான். ஹோஸை அறுத்துப் பார்த்தோம். வெளியே நல்ல கறுப்பு, ஒரு வெடிப்பும் இல்லை. உள்சுவரின் மெல்லிய படலம் உரிந்து, ஒரு பை மாதிரித் தொங்கியது. மெல்லப் போகும்போது கொஞ்சம் பெற்றோல் போதும், பக்கவாட்டால் கசிந்து போய்விடும். வேகமாக உறிஞ்சும்போது அந்தப் பை வந்து வழியை அடைத்துவிடும். எஞ்சின் நின்றதும் விலகிவிடும், காபரேட்டரின் அடியில் பெற்றோல் நிற்கும் கிண்ணம் மறுபடி நிரம்பும், எஞ்சின் மறுபடி பற்றும். ட்ரம்மில் ஸ்லோவில் ஓட்டிப் பார்க்கும் சோதனையில் இந்தப் பழுது எந்தக் காலத்திலும் அகப்படாது.

கொனெக்டருக்கு வருவோம். எஞ்சின் பக்கக் கொனெக்டருக்குள் சின்ன ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது. உப்பில் இறுகி வெடித்தால், எஞ்சின் ஓடும்போது பெற்றோல் ஒழுகாமலே காற்று மட்டும் உள்ளே போகலாம். வெளியில் ஈரம் தெரியாமல் இருக்கலாம் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. மாட்டும்போது "டக்" என்று கேட்க வேண்டும். ஒரு கம்பனியின் கொனெக்டர் இன்னொரு கம்பனி எஞ்சினுக்குப் பெரும்பாலும் சரிவராது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆடும்.

சோதிக்க: கொனெக்டரை எஞ்சினில் இருந்து கழற்றி, போத்தல் வாய்க்குள் பிடித்து, நடுவில் இருக்கும் முள்ளை மொட்டை ஆணியால் உள்ளே தள்ளிக்கொண்டு பல்பை அமுக்குங்கள். ஒவ்வொரு அமுக்குக்கும் பலமாகப் பீச்ச வேண்டும். சொட்டினால் அடைப்பு. காற்றுக் குமிழைப் பிடிக்க அந்தத் தெளிவான ஹோஸ் துண்டைப் பல்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் கிளிப் போட்டு இணையுங்கள். தொடக்கத்தில் வரும் ஒன்றிரண்டு குமிழ் பரவாயில்லை. ஓட ஓட நிற்காமல் வந்தால் டேங்க் பக்கத்து இணைப்பு ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். சோதனை முடிந்ததும் தெளிவான துண்டைக் கழற்றிவிடுங்கள், வெயிலில் இறுகிவிடும்.

ஹோஸ் வாங்கப் போகும்போது பழையதில் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 6 மில்லிமீற்றரா 8 மில்லிமீற்றரா என்று கடையில் நின்று யோசிக்க வேண்டாம். வெறும் பெற்றோல் ஹோஸும் கிளிப்பும் பஞ்சிகாவத்தையில் அடிக்கு அடி வாங்கலாம். கிளிப் ஸ்டீல் வகையாக இருக்கட்டும். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும் தண்ணீர் மட்டம் பார்க்கும் ஹோஸ் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள், பெற்றோலில் ஊறி ஒரு மாதத்தில் கல்லாகிவிடும். பல்ப், கொனெக்டரோடு முழு செட்டாக வேண்டுமென்றால் எஞ்சின் ஏஜென்ட் கடை, அல்லது நீர்கொழும்பில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகள். போயா நாளில் புறப்பட்டு ஏமாறாதீர்கள். ஞாயிறும் அனேகமாகப் பூட்டு. வேலை நாளில் காலை பத்துக்குள் போய்விட்டால் ஒரு மணித்தியாலத்தில் முடியும்.

5. இரவல் டேங்க்

மேலே சொன்னதெல்லாம் செய்ய நேரமில்லையா? பக்கத்துப் போட்காரரிடம் நன்றாக ஓடுகிற டேங்கையும் ஹோஸையும் அரை மணித்தியாலம் இரவல் வாங்குங்கள். கொனெக்டர் அதே வகை, ஓயில் கலவை அதே அளவு என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில், பாரத்தோடு, முழு வேகத்தில், உங்கள் எஞ்சின் வழக்கமாகச் சாகும் நேரத்தின் இரண்டு மடங்கு ஓட்டுங்கள். எங்களுக்கு ஒன்றரை நிமிடம், அதனால் மூன்று நிமிடம் ஓட்டினோம். நிற்காமல் ஓடினால் எஞ்சினைத் தொடவே வேண்டாம், பழுது உங்கள் டேங்கிலோ ஹோஸிலோதான். அப்போதும் நின்றால் டேங்கையும் ஹோஸையும் மறந்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

ஓட்டிப் பார்க்கும் இடம் முக்கியம். ஆற்று வாயில் மணல்மேடும் அலையும் உண்டு, அங்கே எஞ்சின் நின்றால் விளையாட்டில்லை. உள்ளே ஆற்றில், கரைக்குக் கிட்ட, துடுப்பும் நங்கூரமும் உயிர்காப்பு அங்கியும் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் காலம். அந்த மாதங்களில் சோதனைக்காகக் கடலுக்கு இறங்கவே வேண்டாம்.

வீட்டில் ட்ரம்மில் ஓட்டினால், எஞ்சினின் சுழலும் இலைக்கு (புரொப்பெல்லர்) மேலே இருக்கும் தட்டையான தகட்டையும் தண்ணீர் மூட வேண்டும். தண்ணீர் இல்லாமல் அரை நிமிடம் கூட ஓட்டாதீர்கள், தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சில்லு கருகிவிடும்.

6. ஃபில்டரும் பம்பும்

எஞ்சின் மூடியைக் கழற்றினால் கொனெக்டருக்கு அடுத்து சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு ஃபில்டர் தெரியும். கையால் திருகிக் கழற்றி வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பாருங்கள். கறுப்புத் துகள் வந்தால் ஹோஸ் உள்ளே உதிர்கிறது. வெறும் ஃபில்டரைக் கழுவினால் அடுத்த கிழமை மறுபடி அடைக்கும். அடைத்துவிட்டது என்று ஃபில்டரையே எடுத்து எறிந்துவிட்டு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் துகள் நேராக ஜெட்டுக்குப் போகும்.

பம்ப் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சினின் உள்ளழுத்தம் ஏறி இறங்குவதால் ஒரு மெல்லிய டயஃப்ரம் துடித்துப் பெற்றோலை இழுக்கும். கழற்றும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுங்கள், கேஸ்கட், அதாவது இடையில் வைக்கும் அடைப்புத் தாள், ஒழுங்கு மாறினால் இழுக்காது. டயஃப்ரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித்துளை தெரியும். விறைத்திருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். துளை இருந்தால் பெற்றோல் நேராக எஞ்சினுக்குள் இழுபடும்: பிளக் எப்போதும் ஈரம், புகை, பெற்றோல் செலவு கூடும். அதனால் "பெற்றோல் கூடிப்போகிறது" என்று காபரேட்டரைக் குறை சொல்வார்கள்.

7. காபரேட்டர்

இங்கே வந்து சேர்ந்தால் உண்மையிலேயே இதுவாக இருக்கலாம். எந்த வேகத்தில் திணறுகிறது என்பதே எங்கே அடைப்பு என்று சொல்லிவிடும். ஸ்லோவில் ஓடாமல் அணைந்துவிடும், சோக் போட்டால் ஓடும், முறுக்கினால் நன்றாக ஓடும்: சின்ன ஜெட். ஸ்லோவில் அழகாக ஓடி, முறுக்கினால் சக்தி இல்லை, ஹோஸும் பம்பும் சரி: பெரிய ஜெட்.

கழற்ற முன் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து கிண்ணத்தில் இருப்பதைப் போத்தல் மூடிக்குள் வடியுங்கள். தண்ணீரோ துருவோ வந்தால், வடித்துவிட்டுச் சுத்தமான பெற்றோலில் ஓட்டியே பல தடவை சரியாகிவிடும். கழற்றத்தான் வேண்டும் என்றால் திருகுகள் பித்தளை, மென்மையானவை. அளவான ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் தொடாதீர்கள். ஸ்லோவுக்கான காற்றுத் திருகைக் கழற்றுமுன், மெல்ல உள்ளே முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவிட்டுக் கழற்றுங்கள். ஜெட் துளையைக் கம்பியால் குத்தவே கூடாது, துளை பெருத்தால் அளவு போயிற்று. காபரேட்டர் கழுவும் ஸ்பிரே, காற்று, மிஞ்சினால் தங்கூசி நூல் ஒரு துண்டு. மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் அது எப்படியும் இருக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்காரர்களுக்கு ஒரு வரி: நிறுத்த முன் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டுங்கள். மறந்தால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், மறுநாள் குளிர்ந்த எஞ்சின் பற்றாது, "காபரேட்டர் அடைத்துவிட்டது" என்று கழற்றத் தொடங்குவீர்கள்.

8. கராஜுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால்

டேங்க், ஹோஸ், அதே பெற்றோல் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மூன்றாவது தடவை சொல்கிறேன், தெரியும்.

ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, எந்த வேகத்தில், நிற்கும்போது பல்ப் கல்லா தட்டையா, சோக் போட்டால் என்ன ஆகிறது, என்னென்ன ஏற்கெனவே மாற்றியாயிற்று. "ஓடுதில்ல பாஸ்" என்று மட்டும் சொன்னால் எவரும் காபரேட்டரில்தான் கை வைப்பார். அவர்கள் கண்ட எஞ்சின்களில் அதுதான் அதிகம், குற்றம் சொல்ல முடியாது.

கூலியும் பாகமும் தனித்தனியாகப் பில்லில் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். எனக்கு இரண்டாவது கராஜில் "புது டயஃப்ரம்" போட்டதாகப் பில் வந்தது. பிறகு நானே திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது பழையதுதான் என்று நினைக்கிறேன், நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரே நேரத்தில் நான்கு பாகத்தை மாற்றவும் விடாதீர்கள். ஓடத் தொடங்கினாலும் எது பழுது என்று தெரியாமலே போகும். நீங்கள் வீட்டில் செய்தாலும் அப்படித்தான்: ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்தது.

நேரக் கணக்கு: 1 முதல் 5 வரை ஒரு காலைப்பொழுது. 6ஆம் படிக்கு ஒரு மணித்தியாலம். காபரேட்டர் முதல் தடவை என்றால் அரை நாள், கேஸ்கட் கிழிந்தால் புதிது வாங்கும்வரை எஞ்சின் முடங்கிக் கிடக்கும். அதனால் கேஸ்கட் செட்டைக் கையில் வைத்துக்கொண்டே திறவுங்கள்.

9. சரியானபின்

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினைக் கழுவ ஓட்டும்போதே ஹோஸைக் கழற்றிவிட்டு, கிண்ணம் வற்றி நிற்கும்வரை விடுகிறோம். இரண்டு கிழமைக்கு மேல் போகாமல் இருப்பதென்றால் வடிகால் திருகையும் திறந்து மிச்சத்தை வடிக்கிறோம். வடித்த பெற்றோலை ஆற்றில் ஊற்றாமல் கேனில் சேர்த்துக் கராஜில் கொடுத்துவிடுகிறோம். டேங்கில் பேப்பர் டேப் ஒட்டி, பெற்றோல் அடித்த திகதியையும் ஓயில் அளவையும் மச்சான் எழுதுகிறான். போட்டில் ஒரு டப்பாவில் எப்போதும் இருப்பவை: பிளக் இரண்டு, ஓ-ரிங் நான்கு, கிளிப் நான்கு, ஒரு ஃபில்டர், ஒரு முழம் ஹோஸ்.

ஹோஸை இனி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, நன்றாக இருந்தாலும் மாற்றுவதாக முடிவு. அறுத்த பழைய ஹோஸை ஐயா கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்து எஞ்சின் நிற்கிறது என்று வருகிறவனுக்குக் காட்ட வேண்டுமாம்.